எண்வினையும் எட்டுப் படங்களும்
(மனக்காட்சி, நினைவு, செயல்திறன் பற்றி ஒரு பாடம்)

கற்றதை மறவாதிருத்தல் கல்வியின் முதற்படி. மறவாததைப் பொருளுணர்ந்து ஒழுகுதல் அதன் பயன். நம் இல்லங்களில் சிறுவர் சிறுமியர் பஞ்ச நமஸ்காரத்தையும், இருபத்து நான்கு தீர்த்தங்கரர்தம் திருநாமங்களையும் தடையின்றிச் சொல்லக் கேட்டு மகிழ்கிறோம். ஆயினும், “எண்வினைகள் யாவை?” என வினவினால், முதல் இரண்டு மூன்று பெயர்கள் வந்தபின் வரிசை தடுமாறுவதைக் காண்கிறோம். “வேதநீயம் என்பது யாது?” எனக் கேட்டால், பெயரைச் சொன்ன பிள்ளையே விடையின்றி நிற்கிறது. ஒலி நாவில் நிற்கிறது. பொருள் உள்ளத்தில் ஊன்றவில்லை.

இதில் பிள்ளைகளின் குறை சிறிதே. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் பாட்டியர் மடியிலும் ஜினாலய முன்றிலிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த கல்வி அது. தொழிலும் படிப்பும் கருதிக் குடும்பங்கள் புதுச்சேரி, சென்னை முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தபின், கேட்கும் நேரமும் குறைந்தது. சொல்லும் முதியோரும் குறைந்தனர். ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மறு தலைமுறைக்குக் கொடுக்க ஒன்றும் இராது. ஆகவே, இருக்கும் சிறிது நேரத்தில் ஆழப் பதியுமாறு கற்பிக்கும் வழியை நாம் தேடவேண்டியவர்களாய் இருக்கிறோம். அவ்வழிகளுள் ஒன்று மனக்காட்சி. அதாவது, கண்முன் இல்லாத பொருளை உள்ளத்தில் கண்டு நிற்றல். இது பற்றி நம் ஆகமங்கள் கூறுவதையும், உளவியலார் ஆய்ந்து கண்டதையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போம்.

1. ஆன்றோர் வகுத்த எட்டு உவமைகள்

பத்தாம் நூற்றாண்டினரான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, சிரவணபெளகொளத்தில் கோமடேசர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் காலத்தவர். அவர் அருளிய கோமட்டசாரத்தின் கரும காண்டத்தில், எண்வினைகளுக்கும் எட்டு உவமைகள் முறையாகக் கூறப்பெற்றுள்ளன. அவை வருமாறு:

ஞானாவரணீயம் திருவுருவத்தை மறைக்கும் திரைச்சீலை போன்றது. உருவம் உள்ளே இருக்கிறது. திரை விலகினால் தோன்றும்.

தரிசனாவரணீயம் வாயில்காப்போன் போன்றது. அரசனைக் காண வந்தவனை உள்ளே விடாது தடுக்கிறான்.

வேதநீயம் தேன் தடவிய வாளின் கூர்மை போன்றது. நக்கும்போது இனிப்பு, உடனே நா அறுபடும் வேதனை. இன்பமும் துன்பமும் ஒரே இடத்தில்.

மோகநீயம் மது போன்றது. உண்டவன் தன்னையும் மறப்பான். நன்மை தீமையும் அறியான்.

ஆயுஷ்யம் தொழுமரம் போன்றது. காலை மாட்டிவிட்டால், குறித்த காலம் முடியுமட்டும் அவ்விடம் விட்டு அகல இயலாது.

நாமம் ஓவியன் போன்றது. பலவகை உருவங்களை எழுதுவதுபோல், பலவகை உடல்களை அமைக்கிறது.

கோத்திரம் குயவன் போன்றது. ஒரே மண்ணில் பெரிதும் சிறிதுமாய்க் கலங்களை வனைகிறான்.

அந்தராயம் பண்டாரி போன்றது. அரசன் கொடு என ஆணையிட்டும், கருவூலம் காப்பவன் கொடாது தடுக்கிறான்.

இவற்றின் திறத்தை உற்று நோக்குக. வினை கண்ணுக்குப் புலனாகாதது. கையால் தொட இயலாதது. அதற்குத் திரை, காவலன், வாள், மது, மரம், ஓவியன், குயவன், பண்டாரி எனக் கண்ணால் காணத்தக்க எட்டுப் பொருள்கள் அமைந்தன. ஆசிரியர் பயிற்சி வகுப்பில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் விதி ஒன்றுண்டு: காண்பொருளிலிருந்து கருத்துப்பொருளுக்குச் செல்க என்பது அது. அவ்விதி கரும காண்டத்தில் முழுமையாக நிற்கிறது. ஆனால் நாம் பெரும்பாலும் எட்டுப் பெயர்களை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து, எட்டு உவமைகளை நூலுக்குள்ளேயே விட்டுவிடுகிறோம்.

2. உளவியலார் கண்டவை

மனக்காட்சியை முதன்முதலில் கணக்கெடுத்து ஆய்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். அன்று காலை உணவருந்திய மேசையை நினைவுகூர்ந்து, அது எவ்வளவு தெளிவாகத் தோன்றுகிறது, நிறங்கள் தெரிகின்றனவா எனப் பலரிடமும் வினவி, விடைகளை 1880-இல் வெளியிட்டார். சிலர் நேரிற் காண்பதுபோல் தெளிவாகத் தெரிகிறது என்றனர். சிலர் மங்கலாகத் தெரிகிறது என்றனர். அறிவியலாளர் சிலர், அப்படி ஒன்றும் தோன்றுவதே இல்லை என்றனர். உள்ளத்தில் காணும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அன்றே தெளிவாயிற்று.

கனடா நாட்டு உளவியலார் ஆலன் பைவியோ 1971-இல் வெளியிட்ட நூலில், நம் மனம் செய்திகளைச் சொல்லாகவும் காட்சியாகவும் இருவகையில் பதிக்கிறது என விளக்கினார். “மேசை” என்ற சொல்லைக் கேட்டால் சொல்லும் பதிகிறது. மேசையின் உருவமும் பதிகிறது. “நியாயம்” என்ற சொல்லைக் கேட்டால் சொல் மட்டுமே பதிகிறது. இரு கயிற்றால் கட்டிய படகு ஒரு கயிறு அறுந்தாலும் கரையில் நிற்பது போல, இருவகையில் பதிந்தது எளிதில் மறவாது. வேதநீயம் என்ற பெயரோடு தேன் தடவிய வாளையும் காட்டுவது இவ்வகையில் இரண்டாவது கயிறு கட்டுவதே ஆகும்.

அதே 1971-ஆம் ஆண்டில் ரோஜர் ஷெபர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் மற்றோர் உண்மையைக் காட்டினர். கட்டைகளை அடுக்கியது போன்ற இரு வடிவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா எனக் கேட்டனர். ஒரு வடிவம் எவ்வளவு கோணம் திரும்பியிருந்ததோ அந்த அளவுக்கு விடைகூறும் நேரமும் கூடியது. கையால் திருப்புவது போலவே மக்கள் மனத்தாலும் திருப்பிப் பார்க்கின்றனர் என்பது பெறப்பட்டது. 1978-இல் ஸ்டீபன் காஸ்லினும் உடன் ஆய்ந்தோரும், ஒரு தீவின் வரைபடத்தை மனத்தில் பதியவைத்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு உள்ளத்தாலேயே செல்லுமாறு கூறினர். படத்தில் தொலைவு மிகுந்த இடத்தை அடைய மனத்திலும் மிகுந்த நேரம் ஆயிற்று. ஆகவே மனக்காட்சி வெறும் கற்பனைப் பேச்சன்று. அளந்தறியத்தக்க ஒரு மனச் செயல்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் மதிஞானத்தின் படிகளாக அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்கினைக் கூறுவார். புலனில் பட்டதை ஏதோ ஒன்றெனக் கொள்வது அவக்கிரகம். இன்னதென அறிய முற்படுவது ஈஹை. இதுவே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது தாங்குவது தாரணை. இவ்வரிசையில் தாரணை கடைசியில் நிற்பதைக் கவனிக்க. கவனித்து, ஆராய்ந்து, தெளிந்தபின்னரே தாங்குதல் நிகழ்கிறது. தெளியாத ஒன்றைத் தாங்கச் சொல்வதே பொருளறியா மனப்பாடம். இன்றைய ஆய்வையெல்லாம் நம் முன்னோர் முன்னரே செய்து முடித்தனர் என முழங்குவது நம் நோக்கமன்று. அவர்கள் வீடுபேறு கருதி எழுதினர். இவர்கள் மனத்தின் இயல்பை அறிய ஆய்ந்தனர். இரண்டும் சந்திக்கும் இடம் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாயின், பயன்படுத்துதல் நன்று.

3. இடமும் வரிசையும்

படம் பொருளைத் தருகிறது. வரிசையைத் தருவது எது? இடம் தருகிறது. பண்டைக் கிரேக்கத்தில் சைமனிடீஸ் என்னும் புலவர் விருந்து மண்டபத்தை விட்டு வெளியே சென்றிருந்தபோது மண்டபம் இடிந்து விழுந்ததாகவும், யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தனர் என்பதை நினைவுகூர்ந்தே இறந்தோரை அவர் அடையாளம் காட்டியதாகவும் ரோமானிய அறிஞர் சிசெரோ எழுதிவைத்துள்ளார். நன்கறிந்த இடங்களில் நினைவில் வைக்கவேண்டியவற்றை ஒவ்வொன்றாக வைத்து, பின்னர் மனத்தால் அவ்வழியே நடந்து எடுத்துக்கொள்ளும் முறை இதிலிருந்து தோன்றியது என்பர். இதனை இடமுறை எனலாம்.

எலினார் மகுவயரும் அவர்தம் குழுவினரும் லண்டனில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றலில் தலைசிறந்த 10 பேரைச் சோதித்தனர். அவர்கள் பொது அறிவுத்திறனில் மற்றவரினும் உயர்ந்தவராய் இல்லை. மூளையின் அமைப்பிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் 10 பேரில் 9 பேர் இடமுறையைக் கையாண்டனர். 2017-இல் மார்ட்டின் டிரெஸ்லர் முதலானோர், முன்பயிற்சி அற்ற சாதாரண மக்களுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் வீதம் 40 நாள் இம்முறையைப் பயிற்றினர். முன்பு 72 சொற்களில் ஏறத்தாழ 26 சொற்களை நினைவுகூர்ந்தவர்கள், பயிற்சிக்குப்பின் ஏறத்தாழ 62 சொற்களைக் கூறினர். நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அத்திறன் பெரிதும் குன்றவில்லை. பிறவிப் பேறு எனக் கருதியது பயிற்சிப் பேறு என்பது இதனால் விளங்கும்.

நம் மரபில் இடமும் வரிசையும் ஒருங்கே அமைந்த மாபெரும் காட்சி ஒன்றுண்டு, அதுவே சமவசரணம். மானத்தம்பத்தைக் கண்டு உட்புகுவோர், அகழி நிலம், கொடி நிலம், சோலை, துவஜங்களின் நிலம், கற்பக மரங்களின் நிலம், மாளிகை நிலம் எனக் கடந்து திருமண்டபத்தை அடைகின்றனர். அங்கே பன்னிரு அவைகள், நடுவே அருகபரமன். வாமன முனிவரின் மேருமந்தர புராணம் இதனை விரிவாகப் பாடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த சித்தன்னவாசல் கூரை ஓவியத்தில் காணும் தாமரைப் பொய்கை, சமவசரணத்து அகழி நிலமே என அறிஞர் கூறுவர். கேட்பவர் உள்ளத்தால் படிப்படியாக உள்ளே நடந்து செல்லுமாறு அமைந்த வருணனை இது. பிள்ளைகளுக்கு ஒரு வட்டத் தாளில் வளையம் வளையமாக வரைந்து காட்டினால், ஒரு முறை நடந்த வழியை மறவாதது போல இதனையும் மறவார்.

ஆயின், எண்வினைப் படங்களைச் சமவசரணத்தில் வைத்துப் பயில்வது முறையன்று. அதற்கு நம் ஊர் வீதியே போதும். புதுச்சேரிப் பிள்ளைகள் நன்கறிந்த வழி ஒன்றைக் கொள்வோம். கடற்கரையில் தொடங்கி மேற்கு நோக்கி மனத்தால் நடப்போம்.

முதலிடம், காந்தி சிலை. செஞ்சியிலிருந்து கொணர்ந்தவை எனப்படும் கற்றூண்கள் சூழ நிற்கும் அச்சிலையைப் பெரிய திரைச்சீலை மூடியிருக்கிறது: ஞானாவரணீயம். இரண்டாவது, 1836-இல் கட்டப்பெற்ற பழைய கலங்கரை விளக்கம். மேலேறிக் கடலைக் காண விரும்புவோரைக் காவலன் தடுக்கிறான்: தரிசனாவரணீயம். மூன்றாவது, பாரதி பூங்காவின் வாயில். தேன் வழியும் வாள் ஒன்று தொங்குகிறது. ஒருவன் நாவை நீட்டுகிறான்: வேதநீயம். நான்காவது, பூங்காவின் நடுவே உள்ள ஆயி மண்டபம். ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக நிற்கும் மண்டபத்தில், தண்ணீருக்கு மாறாக மதுக்குடம் இருக்கிறது: மோகநீயம். ஐந்தாவது, பெரிய வாய்க்கால். கடக்க வந்தவனின் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கிறது: ஆயுஷ்யம். ஆறாவது, நேரு வீதி. ஓவியன் ஒருவன் கடைக்கதவுகளிலெல்லாம் மனிதர், விலங்கு, பறவை என உருவங்களை எழுதுகிறான்: நாமம். ஏழாவது, பெரிய மார்க்கெட்டின் வாயில். குயவன் சக்கரம் சுழற்றிப் பெரிய பானையும் சிறிய சட்டியும் வனைகிறான்: கோத்திரம். எட்டாவது, அண்ணா சாலை முனை. பண்டாரி திறவுகோலைக் கையில் மறைத்துக்கொண்டு பெட்டிமேல் அமர்ந்திருக்கிறான்: அந்தராயம்.

வேறு ஊரில் வாழ்வோர் தத்தம் ஊரின் தெருவையோ வீட்டின் அறைகளையோ கொள்க. இடங்கள் பிள்ளை நாள்தோறும் காண்பனவாக இருத்தல் வேண்டும் என்பதொன்றே விதி.

4. சதாவதானம் காட்டும் பாடம்

நினைவாற்றலின் எல்லையைக் காட்டும் கலையாக நம் நாட்டில் அவதானம் விளங்கியது. முதுகில் எறியும் நெற்களை எண்ணுதல், இடையிடையே ஒலிக்கும் மணியைக் கணக்கிடுதல், கேட்ட பொருளில் செய்யுள் இயற்றுதல் எனப் பல செயல்களை ஒரே அவையில் கவனித்து, இறுதியில் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுவர். நூறு செயல்களாயின் அது சதாவதானம். தமிழகத்தில் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து புகழ்பெற்றார்.

நம் சமயத்தவருள், 1867-இல் சௌராட்டிரத்து வவாணியாவில் பிறந்த ஸ்ரீமத் ராஜசந்திரர், 1887 ஜனவரி 22-இல் பம்பாயில் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில் சதாவதானம் செய்தார். அப்போது அவருக்கு வயது 19. பின்னர், 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சோதித்ததையும், ராஜசந்திரர் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னதையும் காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆனால் தம்மை ஆட்கொண்டது அந்நினைவாற்றல் அன்று. சாத்திர அறிவும், மாசற்ற ஒழுக்கமும், ஆன்மாவை அறியும் வேட்கையுமே என்று உடனே தெளிவுபடுத்துகிறார். ராஜசந்திரரும் இளமையிலேயே அவதானம் செய்து காட்டுவதைக் கைவிட்டார். ஆன்ம சாதனைக்குப் புகழ் இடையூறு எனக் கண்டார். ஆற்றல் இருந்தும் அதனைக் காட்சிப்பொருள் ஆக்காது விடுத்த அத்துறவே நாம் கற்கவேண்டிய பாடம்.

இதன் மறுபக்கத்தையும் ஓர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவில் ஆண்டர்ஸ் எரிக்சன் முதலானோர் 1980-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், சாதாரண மாணவர் ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் 230 மணிநேரத்துக்கு மேல் பயின்று, ஒருமுறை கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லும் அளவை 7-இலிருந்து 79-க்கு உயர்த்தினார். ஓட்டப்பந்தய வீரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாகப் பொருள்படுத்திக் கொண்டார். ஆனால் எண்களுக்கு மாற்றாக எழுத்துகளைக் கொடுத்தபோது 6 எழுத்துகளுக்கு மேல் கூற இயலவில்லை. எதில் பயின்றாரோ அதில் மட்டுமே திறன் வளர்ந்தது. ஆகவே, சில வாரங்களில் எல்லாவற்றிலும் நினைவாற்றல் பெருகும் எனக் கூறிப் பெருந்தொகை கேட்கும் வகுப்புகளைப் பெற்றோர் எண்ணிப் பார்த்து அணுகுக.

5. செயலை மனத்தில் ஒத்திகை பார்த்தல்

மனக்காட்சி நினைவுக்கு மட்டுமன்றிச் செயலுக்கும் துணை செய்கிறது. அல்வரோ பாஸ்குவல்-லியோன் முதலானோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பியானோ வாசித்தறியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் நாள்தோறும் 2 மணிநேரம் வீதம் 5 நாள் வாசித்தனர். மற்றொரு குழுவினர் விரலை அசைக்காமல், அசைப்பதாக மனத்தில் மட்டும் கண்டனர். ஐந்தாம் நாளில், மனத்தால் பயின்றோர், கையால் பயின்றோர் மூன்றாம் நாளில் அடைந்த திறனை அடைந்திருந்தனர். அதன்பின் 2 மணிநேரம் மட்டும் கையால் வாசித்ததும் மற்றவரை எட்டினர். விரல்களை இயக்கும் மூளைப் பகுதியிலும் மாற்றம் காணப்பட்டது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுதிரட்டி 1994-இல் டிரிஸ்கல் முதலானோர் கண்ட முடிவு இது: மனப்பயிற்சி பயன் தரும், ஆனால் மெய்ப்பயிற்சிக்கு நிகராகாது, நாள் செல்லச் செல்ல அதன் பயன் தேயும்.

ஜினாலயத்தில் முதன்முறையாக அஷ்டவித அர்ச்சனை செய்யும் சிறுவனுக்கு இது உதவும். ஜலம், சந்தனம், அட்சதை, மலர், நைவேத்தியம், தீபம், தூபம், பழம் என்னும் வரிசையை, கையில் எடுப்பதாகவும் சமர்ப்பிப்பதாகவும் வழியிலேயே மனத்தில் கண்டு செல்லட்டும். ஆயினும் வீட்டில் ஒருமுறையேனும் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு இன்றியமையாத ஆய்வு ஒன்றுண்டு. 1999-இல் லியன் பாமும் ஷெல்லி டெய்லரும் கல்லூரி மாணவரை வகுத்து, தேர்வுக்குச் சில நாள் முன்னிருந்து ஒரு பகுதியினரை உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்வதாக மனத்தில் காணச் சொன்னார்கள். மற்றொரு பகுதியினரை, இன்ன இடத்தில் அமர்ந்து, இன்ன நூலைத் திறந்து, இன்னவாறு படிப்பதாகக் காணச் சொன்னார்கள். படிக்கும் செயலைக் கண்டவரே மிகுதியாகப் படித்தனர்; மதிப்பெண்ணும் மிகுதியாகப் பெற்றனர். பயனைக் கண்டு மகிழ்ந்தவர்க்கு அம்மகிழ்ச்சி உதவவில்லை. “நீ மருத்துவர் ஆவதாக நினைத்துக்கொள்” எனப் பிள்ளையிடம் கூறுவதினும், “நாளைக் காலை எந்தப் பாடத்தை எங்கே அமர்ந்து படிப்பாய்? கண்மூடிப் பார்த்துச் சொல்” எனக் கேட்பதே பயன்தரும். பயனில் பற்றுக் கொள்ளாது முயற்சியில் நிற்க வேண்டும் என்னும் அறவுரைக்கு இதுவும் ஒரு சான்று.

6. எல்லைகளும் எச்சரிக்கையும்

எல்லாப் பிள்ளைகளும் உள்ளத்தில் படம் காண்பதில்லை. மனக்காட்சி அறவே தோன்றாத நிலைக்கு இங்கிலாந்து மருத்துவர் ஆடம் சீமன் முதலானோர் 2015-இல் அஃபேன்டேசியா எனப் பெயரிட்டனர். அஃது அறிவுக்குறையன்று, கால்டனிடம் அவ்வாறு விடைகூறியோர் அறிவியலாளர் என்பதை நினைக்க. அத்தகைய பிள்ளைக்குக் கதையாகச் சொல்லலாம். தாளில் வரையச் செய்யலாம். உண்மையிலேயே வீதியில் அழைத்துச் சென்று சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு இகழ்தல் கூடாது. கற்பவர்க்கு இடையூறு செய்வதும், அறிவைப் பழிப்பதும் ஞானாவரணீய வினை வந்து சேரும் வாயில்கள் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை ஆசிரியரும் பெற்றோரும் மறத்தலாகாது.

மேலும், படத்தை ஒருமுறை கண்டுவிட்டால் போதும் என்றிருத்தலும் தவறு. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தோர் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தோர் 61 விழுக்காட்டைக் கூறினர். உள்ளிருந்து எடுத்துப் பழகுவதே உள்ளே உறுதியாக்கும் வழி.

7. இல்லத்தில் செய்யத்தக்கவை

முதல் நாள்: எட்டு உவமைகளையும் கதைபோலக் கூறி, பிள்ளையைக் கொண்டே எட்டுச் சிறு படங்கள் வரையச் செய்க. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அதன் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: பிள்ளை அறிந்த வழியில் எட்டு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படத்தை வைக்கச் சொல்க. எங்கே எது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

மூன்றாம் நாள்: நூலும் படமும் இன்றி, கண்மூடி நடந்து, பெயரையும் பொருளையும் கூறச் செய்க. தவறின் கடிந்துகொள்ளாது, அவ்விடத்துப் படத்தை மட்டும் மீண்டும் காட்டுக.

ஏழாம் நாளும், முப்பதாம் நாளும்: மீண்டும் வினவுக. கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பி நடக்கவும் சொல்க.

இவற்றுள் எந்நாளும் கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களே வினவுவது மிக நன்று. பிள்ளைக்குப் பாடமும் முதியோர்க்கு மகிழ்வும் ஒருங்கே கிட்டும்.

8. எட்டு இதழும் எரியும் நெருப்பும்

இத்துணை முயற்சி எதற்காக? எட்டுப் பெயர்களை ஒப்பித்துப் பரிசு பெறுவதற்காக அன்று. பதினோராம் நூற்றாண்டினரான சுபசந்திர ஆசாரியர் அருளிய ஞானார்ணவத்தில் பிண்டஸ்த தியானம் கூறப்படுகிறது. அதில் ஐந்து தாரணைகள் உள்ளன. முதலில், அலையற்ற பாற்கடலின் நடுவே ஆயிரம் இதழ்ப் பொற்றாமரையில், மேருவாகிய பொகுட்டின்மேல் தான் அமர்ந்திருப்பதாகக் காணவேண்டும். இது பார்த்திவி தாரணை. அடுத்தது ஆக்னேயி. நாபியில் பதினாறு இதழ்த் தாமரையும், இதயத்தில் கீழ்நோக்கிய எட்டு இதழ்த் தாமரையும் தோன்றும். அவ்வெட்டு இதழ்களே எண்வினைகள். நாபித் தாமரையின் நடுவிலுள்ள மந்திரத்திலிருந்து எழும் தீ அவ்வெட்டு இதழ்களையும் எரிக்கிறது. மூன்றாவதில் காற்று அச்சாம்பலை வீசி அகற்றுகிறது. நான்காவதில் மழை எஞ்சியதைக் கழுவுகிறது. ஐந்தாவதில் வினையற்ற தூய ஆன்மா மட்டும் ஒளிர்கிறது.

எட்டு வினைகளையும் பெயராக மட்டும் அறிந்தவன் இத்தியானத்தில் எதனை எரிப்பான்? திரையையும், தேன் தடவிய வாளையும், தொழுமரத்தையும் உள்ளத்தில் கண்டு, இவை என்னிடம் எவ்வாறு செயல்படுகின்றன என உணர்ந்தவனுக்கே அந்நெருப்பு பொருளுடையதாகும். தியான வகைகளின் இறுதியில் நிற்பது ரூபாதீதம். உருவங்கடந்த சித்தநிலையை எண்ணுவது. ஆகவே நம் மரபு மனக்காட்சியைப் படியாகக் கொண்டது, முடிவாகக் கொள்ளவில்லை. கரையேறும் வரை தோணி வேண்டும்; கரையேறியபின் அதனைத் தலையில் சுமப்பாரில்லை.

உளவியலார் காட்டும் முடிவும் இதற்கு அண்மையதே. மனத்தில் காணும் படம் முயற்சிக்குத் துணையாகும், முயற்சிக்கு மாற்றாகாது. இவ்வாரம் நம் இல்லத்துப் பிள்ளை ஒன்றுக்காவது எட்டுப் படங்களையும் காட்டி, எட்டு இடங்களில் வைக்கச் செய்வோமாக. கேட்டவை நம் தலைமுறையோடு நின்றுவிடாமல் காப்பது நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. எண்வினைகளையும் அவற்றிற்குரிய உவமைகளையும் வரிசைப்படி கூறுக.
2. தரிசனாவரணீயத்துக்கும் அந்தராயத்துக்கும் கூறப்பட்ட உவமைகள் இரண்டிலும் ஒருவன் தடுக்கிறான். அவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
3. மதிஞானத்தின் நான்கு படிகளை, புதிய பாடம் ஒன்றைக் கற்கும் பிள்ளையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.
4. தேர்வின் பயனை மனத்தில் காண்பதற்கும், படிக்கும் செயலைக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன?
5. நும் ஊரில் எட்டு இடங்களைத் தேர்ந்து, எண்வினைப் படங்களை அவ்விடங்களில் அமைத்து எழுதுக.